மூன்றடி தள்ளி நின்றவள்

ஐதராபாத்
9 ஜூலை

அன்புள்ள ஹலீமா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கே நலம். நீங்களும் ஆசிக் மச்சானும் ருக்சானாவும் நலமாக இருக்க துஆச் செய்கிறேன். மச்சானுக்கு மழைக்கால இருமல் ஆரம்பித்துவிட்டதா? ஆவி பிடிக்கச் சொன்னால் பிடிக்கமாட்டார். நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

என்ன இவள், தினமும் போனில் பேசிவிட்டுக் கடிதம் வேறு எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். போனை எடுத்தால் பக்கத்தில் ருக்சானா நிற்கிறாள். கடைக்குப் பின்னால் இருப்பதே ஒரு அறை. நீங்கள் எங்கே போய் நின்று பேசுவீர்கள்? இது அவள் காதில் விழாமல் பேச வேண்டிய விஷயம். நான் முதல் பயிற்சி முகாமுக்குப் போனபோது எழுதிக்கொண்டோமே, அதே மாதிரி எழுதிக்கொள்வோம்.

அக்கா, இந்த வருஷத்தோடு நான் விளையாட்டை விடுகிறேன். இந்திய நெட்பால் அணியில் பதினாறு வருஷம் ஆகிவிட்டது. இப்போது அணியில் இருக்கிற பெண்களில் பாதிப் பேர் நான் முதல் ஆட்டம் ஆடியபோது பால்வாடியில் இருந்தவர்கள். ஒருத்தி போன வாரம் என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். முழங்கால் பரவாயில்லை. நவம்பரில் வெளிநாட்டில் ஒரு போட்டித் தொடர் இருக்கிறது. அது முடிந்ததும் போதும்.

முக்கியமானது இனிமேல்தான். ஆபீசில் எனக்கு இரண்டு அறை குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வருஷம் ஜூனில் ருக்சானா ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். அவளை இங்கே கூட்டிவந்து என்னோடு வைத்துக்கொள்கிறேன். அவள் தகப்பன் இர்பான் இறந்த பிறகு, ஒன்றரை வயதில் உங்கள் மடியில் போட்டுவிட்டு வந்த பிள்ளை. என் பெண்ணோடு நான் ஒரு மாதம் சேர்ந்தாற்போல இருந்ததில்லை. நீங்கள் சுமந்ததும் போதும் அக்கா. உங்கள் பதிலைப் பார்த்து மற்ற ஏற்பாடுகளைச் செய்கிறேன்.

வஸ்ஸலாம்.
உங்கள் தங்கை,
நஸ்ரின்


யேற்காடு
14 ஆகஸ்ட்

பாசமுள்ள தங்கச்சி நஸ்ரினுக்கு அக்கா எழுதியது.

வ அலைக்கும் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையில் இங்கே மூணு பேரும் சுகம். உன் உடம்பைப் பற்றி எழுதும்போது மறைக்காமல் எழுது. முழங்கால் பரவாயில்லை என்று நீயாக எழுதினாலே அது பாடாய்ப் படுத்துகிறது என்று எனக்குத் தெரியாதா?

பதில் போட நாளாகிவிட்டது. ஒரே மழை. மலைப்பாதையில் மண் சரிந்து இரண்டு நாள் பஸ் இல்லை. கடைக்குச் சேலத்திலிருந்து சரக்கு வரவில்லை. மச்சான் இருமி இருமி ஊரையே எழுப்புகிறார். எதைச் சொல்ல?

உன் மகள் நன்றாக இருக்கிறாள். உன் உயரம் வருகிறது. கடையில் மேல்தட்டுத் தேன் பாட்டிலை ஸ்டூல் போடாமல் எடுக்கிறாள். தலை பின்னும்போது மட்டும் கொலை விழுந்த மாதிரி கத்துவாள்.

விளையாட்டை ஏன் இப்போதே விட வேண்டும்? நாகலூர் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் வேலுசாமியைத் தெரியுமில்லையா, கடையில் மாட்டியிருக்கிற உன் போட்டோவைப் பார்த்து, "ஏனுங்க, தங்கச்சி இந்த வருசம் எத்தன கோல் போட்டுச்சுங்க" என்று கேட்காமல் அவர் சாமான் வாங்கமாட்டார். போன தடவை நாற்பது என்று சொல்லி அனுப்பினேன். மனுஷன் பூரித்துப்போனார். இத்தனை பேர் உன்னை நினைத்துப் பெருமைப்படும்போது விட்டுவிட்டு வந்து என்ன செய்யப்போகிறாய்? இன்னும் இரண்டு வருஷம் ஆடு கண்ணு. பிள்ளையைப் பற்றிக் கவலையே படாதே. நான் எதற்கு இருக்கிறேன்?

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா ஹலீமா


ஐதராபாத்
26 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். மச்சானின் இருமல் குறைந்ததா? எனக்கு முழங்காலில் ஊசி போட்டிருக்கிறார்கள். மறைக்க வேண்டாம் என்றீர்கள், அதனால் எழுதிவிட்டேன்.

நாற்பது கோலா? அக்கா, நான் கோல் கீப்பர். பதினாறு வருஷத்தில் ஒரு கோல்கூடப் போட்டதில்லை. போட எனக்கு அனுமதியும் கிடையாது. நெட்பாலில் அணிக்கு இரண்டு பேர்தான் வளையத்தில் பந்தைப் போடலாம். என் வேலை எதிரணிக்காரியைப் போடவிடாமல் செய்வது. மைதானத்தில் நாங்கள் காக்கிற வளையம் இருக்கிற பக்கம் மூன்றில் ஒரு பங்குதான் எனக்கு. கோட்டைத் தாண்டினால் விசில் ஊதிவிடுவார்கள். அவள் பந்தைப் பிடித்துக்கொண்டு வளையத்தைப் பார்த்து நிற்பாள். நான் மூன்றடி தள்ளி நின்று கையை நீட்டலாம், எம்பிக் குதிக்கலாம். தொடக்கூடாது. பள்ளிக்கூடத்தில் ஈவ்லின் டீச்சர் என் உயரத்தைப் பார்த்து அந்த இடத்தில் நிறுத்தினார்கள், இன்னும் அங்கேயே நிற்கிறேன்.

பிள்ளை விஷயத்திலும் அப்படித்தான் நின்றுவிட்டேன் அக்கா. மூன்றடி தள்ளி, கையை மட்டும் நீட்டிக்கொண்டு. அவளுக்கு முதல் பல் விழுந்ததைப் போனில் பார்த்தேன். சைக்கிளில் விழுந்து தாடையில் தையல் போட்டதை, தையல் பிரித்த பிறகுதான் சொன்னீர்கள். ஆட்டம் கெட்டுவிடக்கூடாது என்று சொல்லவில்லை என்றீர்கள். அப்போது அது எனக்கு நியாயமாகப் பட்டது. இப்போது படவில்லை.

ஜூன் மாதம் பற்றி நான் கேட்டதற்கு ஒரு வார்த்தை எழுதவில்லையே. அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லையா?

பதிலை எதிர்பார்க்கும்,
நஸ்ரின்


யேற்காடு
3 அக்டோபர்

நஸ்ரினுக்கு அக்காவின் ஸலாம். நாங்கள் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். ஊசி போட்ட காலை வைத்துக்கொண்டு ரொம்பக் குதிக்காதே.

படித்தேன். ஜூனுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. அதற்குள் என்ன அவசரம்? அங்கே தெலுங்கும் இந்தியும் பேசுவார்கள். இவளுக்குத் தமிழ்ப் பேச்சிலேயே பாதி முழுங்கல். சப்பாத்தி வைத்தால் ஓரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். நீ காலையில் ஆபீஸ் போய்விடுவாய். பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டிய வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பாளா? நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. யோசித்துச் செய் என்கிறேன். பெற்றவள் நீ.

ஒரு சந்தோஷச் சமாச்சாரம். இந்த ரமலானில் முழு நோன்பு வைப்பேன் என்று ருக்சானா ஒற்றைக்காலில் நிற்கிறாள். போன வருஷம் பாதிநாள் வைத்துவிட்டு மதியம் லுஹர் தொழுகை நேரத்தில் முறுக்கு டப்பாவைத் திறந்தவள். இந்தத் தடவை விடமாட்டாளாம். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். முதல் நோன்பு திறக்கும்போது பிள்ளைக்குப் புதுத்துணி போட்டு, பூ வைத்து, அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு, பேரீச்சம்பழத்தைத் தாய் கையால் ஊட்ட வேண்டும். மார்ச் மாதம் லீவு போட்டுவிட்டு வந்துவிடு. நீ இல்லாமல் அதை நான் செய்யமாட்டேன்.

உன் நினைப்பாகவே,
ஹலீமா


ஐதராபாத்
20 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். ஊர் திரும்பி இரண்டு நாள் ஆகிறது. உடம்பு நலம். நீங்கள் எல்லோரும் நலம்தானே?

முடிந்துவிட்டது. அரையிறுதியில் தோற்றோம். கடைசி ஆட்டத்தில் முக்கால்வாசி நேரம் என்னைப் பெஞ்சில்தான் உட்கார வைத்தார்கள். எனக்குப் பதிலாக நின்ற பிரியங்கா இருபது வயதுப் பெண், என்னைவிட இரண்டு விரற்கடை உயரம், என்னைவிட வேகம். கடைசிக் கால் பகுதியில் கோச் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிரியங்கா தன் நெஞ்சில் ஒட்டியிருந்த, கோல் கீப்பருக்கான ஜி.கே. பட்டையைப் பிரித்து என் கையில் கொடுத்தாள். பதினைந்து நிமிஷம் ஆடினேன். இரண்டு பந்தைத் தட்டிவிட்டேன், ஐந்தை விட்டேன். விசில் ஊதியதும் பட்டையைப் பிரித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். எதிரணிப் பெண்களும் நின்று கை தட்டினார்கள். யாரோ பூங்கொத்து கொடுத்தார்கள். அதை விமானத்தில் ஏற்ற விடவில்லை.

அழுகை வரும் என்று பயந்துகொண்டிருந்தேன், வரவில்லை. ஓட்டலுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து, இனி ருக்சானாவுக்குக் காலையில் என்ன டிபன் கட்டிக்கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு உப்புமாவைத் தவிர எதுவும் ஒழுங்காக வராது. அதை நினைத்ததும்தான் அழுகை வந்தது.

நோன்புக்குக் கட்டாயம் வருவேன். அப்படியே பெருநாள் வரை இருந்து, அவளிடம் நானே பேசுகிறேன். நீங்கள் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டாம்.

அன்புடன்,
நஸ்ரின்


யேற்காடு
9 ஜனவரி

நஸ்ரினுக்கு ஸலாம். இங்கே குளிர் வாட்டுகிறது, மற்றபடி சுகம். நீ குளிக்க வெந்நீர் வைத்துக்கொள்கிறாயா?

காப்பிப் பழம் பறிக்கிற சமயம், சம்பள நாளில் கடையில் நிற்க இடமிருப்பதில்லை. அதனால்தான் எழுத முடியவில்லை. உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது என்று மச்சான் நேற்றுச் சொன்னார். அவர் எப்போதிலிருந்து தேதி பார்க்க ஆரம்பித்தார் என்று தெரியவில்லை.

நீ விளையாட்டை விட்டது எனக்குப் பிடிக்கவில்லை. பெஞ்சில் உட்கார வைத்தால் என்ன, அதுவும் இந்திய அணியின் பெஞ்சுதானே? ஆட முடியாவிட்டால் அணிக்குக் கோச்சாகப் போகலாமே. கேட்டுப் பார். இன்னும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் அப்படி ஊர் ஊராகப் போய் வந்தால் உனக்கும் மனசு ஆறும். பிள்ளை இங்கே பழகிய இடத்தில் இருக்கட்டும்.

டிசம்பரில் அவளுக்கு மூணு நாள் காய்ச்சல். இப்போது தேறிவிட்டாள். அந்த மூணு நாளும் என் கையை விடவில்லை. எழுதக்கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

ஹலீமா


ஐதராபாத்
21 ஜனவரி

அக்காவுக்கு,

ஸலாம். நலம், நலமறிய ஆவல்.

கோச் வேலை வேண்டாம் அக்கா. எனக்கு என் பிள்ளை வேண்டும். டிக்கெட் எடுத்துவிட்டேன். மார்ச் 21 காலை சேலத்தில் இறங்கி பஸ் பிடித்து வருகிறேன். அவளுக்குப் பச்சையில் சட்டை எடுத்திருக்கிறேன். அளவு மட்டும் தெரியவில்லை. கடைக்காரர் வயதைக் கேட்டார், உயரத்தைக் கேட்டார். குத்துமதிப்பாகக் கையைக் காட்டினேன்.

காய்ச்சலைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம்.

நஸ்ரின்


ஐதராபாத்
27 மார்ச்

அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பத்திரமாக வந்து சேர்ந்தேன். என் கடைசிக் கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. பெருநாள் வரை இருப்பதாகச் சொன்னவள் மூன்றாம் நாளே கிளம்பிவிட்டேன், நீங்களும் ஏன் என்று கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்தச் சாயங்காலம் நீங்களும் அங்கே இருந்தீர்கள். ஆனால் என் இடத்திலிருந்து பார்க்கவில்லை. மதியத்துக்கு மேல் அவள் முகம் வாடிவிட்டது. இருந்தாலும் விடவில்லை, பாயில் சுருண்டு படுத்துக்கொண்டு மணி கேட்டபடி இருந்தாள். தலை நிறைய மல்லிகை, தோளில் தொங்குகிற அந்தப் பச்சைச் சட்டை, பள்ளிவாசலிலிருந்து மச்சான் தூக்கில் கொண்டுவந்த கஞ்சி, பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும். பேரீச்சம்பழத்தை நீங்களே என் கையில் கொடுத்து, அவள் எதிரில் என்னை உட்கார வைத்துவிட்டு எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டீர்கள். பாங்கு கேட்டதும் நான் பழத்தை நீட்டினேன். அவள் பார்வை என்னைத் தாண்டிப் போயிற்று.

"அம்மா, தண்ணி குடு" என்றாள்.

நான் செம்பை எடுத்தேன். "இந்தா கண்ணு."

"நீங்க இல்லீங்க."

அதில் வெறுப்பு இல்லை அக்கா. கடைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற மரியாதை. உங்களிடம் குடு என்றவள் என்னிடம் இல்லீங்க என்கிறாள். நீங்கள் ஓடிவந்து, "பெரியம்மாகிட்ட கேக்குது புள்ள, களைப்புல வாய் தவறிருச்சு" என்று சிரித்துச் சமாளித்தீர்கள். சுற்றி இருந்த யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

மறுநாள் ஏரிப் பக்கம் கூட்டிப்போனபோது அவளிடம் கேட்டேன். மறைக்கத் தெரியாத பிள்ளை. "போன்ல மட்டும் பெரியம்மான்னு சொல்லோணும்னு அம்மா சொல்லிருக்குது. இல்லீன்னா நீங்க நொம்ப அழுவீங்களாமா" என்றாள். என்னைத் தேற்றுகிற மாதிரி கையைத் தட்டிக்கொடுத்தாள்.

ரயிலில் எல்லாவற்றையும் யோசித்துக்கொண்டு வந்தேன். இர்பான் இறந்தபோது விட்டுவிடுகிறேன் என்றேன், ஆடு என்றீர்கள். அவளுக்கு மூன்று வயதில் கேட்டேன், ஆடு என்றீர்கள். காலில் ஆபரேஷன் நடந்த வருஷம்கூட, சரியாகிவிடும், ஆடு என்றீர்கள். அக்கா மாதிரி உண்டா என்று அணியில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். என் பதினாறு வருஷத்தில் பாதிக்குமேல் நீங்கள் ஆட வைத்தது. ஏன் ஆட வைத்தீர்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

கோபம் இல்லை என்று பொய் எழுதமாட்டேன். ஆனால் என்னை யாரும் கையைக் கட்டி மைதானத்துக்கு இழுத்துப் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் நீங்கள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வீர்கள் என்று தெரிந்துதான் உங்களிடம் கேட்டேன். வேறு யாரிடமும் கேட்கவில்லை.

ஜூனில் அவளைக் கூட்டிவரப் போவதில்லை. பழகிய கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தால் இங்கே அவள் எனக்கு இன்னும் எத்தனை வருஷம் இல்லீங்க என்று பதில் சொல்வாள்? ஏரிக்கரையில் ஈவ்லின் டீச்சரைப் பார்த்தேன். அவர்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறதாம். அரசு வேலையை விட்டுவிட்டு இதற்கு வருவாயா என்று சந்தேகமாகக் கேட்டார்கள். வருவேன் என்றேன்.

அந்த வீட்டில் எனக்கு ஒரு பாய் போட இடம் கொடுப்பீர்களா அக்கா?

நஸ்ரின்


யேற்காடு
6 ஏப்ரல்

நஸ்ரினுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். பெருநாள் கழிந்தது. பிரியாணி அடிப்பிடித்துவிட்டது. இந்தத் தடவை எந்தச் சாக்கும் சொல்லாமல் உடனே எழுதுகிறேன்.

நீ எழுதியதில் எதையும் மறுக்கப்போவதில்லை. மன்னிப்பும் கேட்கமாட்டேன். கேட்டால் நான் அவளைத் திருடினேன் என்று ஆகிவிடும். நான் திருடவில்லை, வளர்த்தேன். எனக்கு மூணு தடவை வயிற்றில் தங்காமல் போனது உனக்குத் தெரியும். அதற்கு அப்புறம் நீ கொண்டுவந்து மடியில் போட்டாய். முதல் தடவை உன்னை ஆடச் சொன்னது சத்தியமாக உனக்காகத்தான். வெள்ளைச் சேலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய், செத்துப்போவாய் என்று பயந்தேன். அதற்கடுத்த வருஷங்களில் யாருக்காகச் சொன்னேன் என்று என்னிடம் கேட்காதே.

உன் கடிதம் வந்த அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவள் வந்து, "என்னம்மா, யாரு வஞ்சாங்க" என்று கேட்டாள். யாரும் வையவில்லை என்றேன். அதுதான் நிஜம். நீ வைதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இடத்துக்கு என்ன? மச்சான் கடையிலேயே படுத்துக்கொள்கிறேன் என்கிறார். வா. ஆனால் ஒன்று. அவள் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். உன் முன்னால், சாப்பிடும்போது, பள்ளிக்கூட வாசலில், எல்லா இடத்திலும். இனிமேல் நான் அவளைத் திருத்தமாட்டேன். ஒரு பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்கினது போதும். அதை ஒவ்வொரு நாளும் காதால் கேட்டுக்கொண்டு உன்னால் அந்த வீட்டில் இருக்க முடியுமா? முடியும் என்றால் மட்டும் வா கண்ணு. முடியாமல் பாதியில் திரும்பிப் போனால் அதை அவள் தாங்கமாட்டாள். நானும்தான்.

உன் பதிலுக்காக,
ஹலீமா


ஐதராபாத்
23 மே

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். நீங்கள் மூன்று பேரும் நலமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக.

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு நானும் எந்தச் சாக்கும் சொல்லவில்லை. முடியும் என்று எழுதிவிட்டு நான்கு தடவை கிழித்துப்போட்டேன். எழுதுவது சுலபம், அது நிஜமா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. எதிர்வீட்டில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். சாயங்காலமானால் மாடிப்படியில் நின்று அம்மா அம்மா என்று கூப்பிடுவாள். ஏப்ரல் முழுக்க அது காதில் விழுந்தால் கதவைச் சாத்திக்கொண்டேன். இந்த மாதம் சாத்தவில்லை.

வேலையை எழுதிக் கொடுத்துவிட்டேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாயிற்று. ஈவ்லின் டீச்சருக்கும் சொல்லிவிட்டேன். ஜூன் இரண்டாம் தேதி மதியத்துக்குள் யேற்காட்டில் இருப்பேன். பஸ் ஸ்டாண்டுக்கு யாரும் வர வேண்டாம், நானே வந்துவிடுவேன்.

அவள் உங்களை என்ன கூப்பிடுவாள் என்று எழுதினீர்கள். என்னை என்ன கூப்பிடுவாள் என்று எழுதவில்லை. அந்தப் பிள்ளை வாசலில் என்னைப் பார்த்ததும் தடுமாறி நிற்கக்கூடாது. அதனால் இன்றைக்கே அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள் அக்கா. சின்னம்மா வருகிறாள், இனிமேல் இங்கேதான் இருப்பாள் என்று.

உங்கள் தங்கை,
நஸ்ரின்